சில்லு பற்றிக் கேளுங்கள்: பினாங்கிலிருந்து சில பதில்கள்

மலேசியாவில் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் முப்பது வருடம் சில்லுகளைச் (மின்னணுக் கருவிகளுக்குள் இருக்கும் ‘சிப்’) சோதிக்கும் பிரிவில் இருந்தேன். டிஜிட்டல் காலம் எப்படித் தொடங்கியது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்தவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

கணினியைக் கண்டுபிடித்தவர் யார்? (குளுகோர்)

ஒரே ஒருவர் பெயரைச் சொல்பவரை நம்பாதீர்கள். சார்லஸ் பாபேஜ் 19ஆம் நூற்றாண்டிலேயே பற்சக்கரங்களை வைத்துத் திட்டம் போட்டார். ஜார்ஜ் பூல் உண்மை, பொய் இரண்டையும் இயற்கணிதமாக்கினார். அந்தக் கணக்கைச் சுவிட்சுகளை இணைத்தே போடலாம் என்று 1937இல் தன் ஆய்வேட்டில் காட்டியவர் குளோட் ஷானன். 1947இல் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் வந்தது. அது அசையும் பாகமே இல்லாத சுவிட்சு. 1971இல் இன்டெல் 4004 என்ற ஒரே சில்லில் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள் அடங்கின.

சுழியம் நம்முடையது. அப்படியானால் கணினியும் நம்முடையதுதானே? (பட்டர்வொர்த்)

இல்லை. 628இல் பிரம்மகுப்தர் சுழியத்துக்கு விதிகள் எழுதினார். அது பெரிய கொடை. ஆனால் கணக்கை எழுதுவது வேறு, அதை மின்சாரத்தைக் கொண்டு போடுவது வேறு.

முன்னோரைக் குறைத்துப் பேசுகிறீர்களே? (அதே வாசகரும் இன்னும் நான்கு பேரும்)

இல்லை ஐயா. நம் யாப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அசை இரண்டே வகை: நேர், நிரை. இரண்டு அசை சேர்ந்தால் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்று நான்கு சீர். மூன்று அசைக்கு எட்டு, நான்குக்குப் பதினாறு. சில்லுக்குள்ளும் இதே பெருக்கம்தான். ஒரு பிட் என்றால் 0 அல்லது 1. இரண்டு பிட்டுக்கு நான்கு நிலை, மூன்றுக்கு எட்டு. பள்ளியில் வாய்பாடு ஒப்பித்த பிள்ளைக்கு பைனரியை (0, 1 மட்டுமே உள்ள எண்முறை) அரை மணி நேரத்தில் புரியவைக்கலாம், நானே செய்திருக்கிறேன். நம் பெருமையை இப்படிப் பாடம் சொல்லப் பயன்படுத்துங்கள். யாப்பிலிருந்துதான் கணினி வந்தது என்று மட்டும் சொல்லாதீர்கள். அதற்குச் சான்று கிடையாது.

கணினியைக் கண்டுபிடித்தவர் யார்? (மூன்று பேர்)

முதல் பதிலைப் படியுங்கள்.

பிள்ளை கைப்பேசியை விடமாட்டேன் என்கிறான். (ஆயர் ஈத்தாம்)

இது என் துறை இல்லை. அவனுடைய ஆசிரியரிடம் பேசிப் பாருங்கள்.

இதில் பினாங்குக்கு என்ன பங்கு? (ஜெலுத்தோங்)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 1969இல் தீவு தன் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் கடுமையாக இருந்தது. முதலமைச்சர் லிம் சோங் யூ காலத்தில் 1972இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் திறந்தது. வயலாக இருந்த இடத்துக்கு இன்டெல், ஏஎம்டி, ஹிட்டாச்சி எல்லாம் வந்தன. இங்கேயும் அவர் ஒருவர் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். சில்லையும் அதன் கால்களையும் தலைமுடியைவிட மெல்லிய கம்பியால் இணைத்தவர்கள், கம்பத்திலிருந்தும் (கிராமம்) தோட்டத்திலிருந்தும் வந்த இளம்பெண்கள். நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்திருக்க வேண்டும். என் அக்கா அப்படி ஒரு தொழிற்சாலையில் இருந்தார். சில வருடங்களிலேயே பார்வை மங்கிவிட்டது. நிர்வாகம் அதைக் காதில் வாங்கவே இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் முதல் சம்பள உறை அவர் கொண்டுவந்ததுதான். என் பள்ளிக் கட்டணம் அதிலிருந்துதான் போனது. அப்புறம் கல்யாணப் பேச்சு வந்தபோது, எப்போது, யாரோடு என்று அவரே சொன்னார். அப்பா மறுக்கவில்லை. சமூகத்தில் என்ன மாற்றம் என்று கேட்டவர்களுக்கும் இதுதான் என் பதில்.

ஏஐ வேலையைப் பறிக்குமா? (ஆறு பேர்)

சில வேலைகளைப் பறிக்கும். கம்பி இணைப்பையே பிறகு இயந்திரம் எடுத்துக்கொண்டது. எந்த வேலை என்று சொல்லிக் கேட்டால் பதில் சொல்ல முயல்கிறேன்.

நானும் 1974இல் கம்பி இணைத்தவள். அது எதற்கான சில்லு என்று யாரும் சொன்னதில்லை. எங்கே போயிருக்கும்? (பிறை)

அக்கா, அந்தக் காலத்துச் சில்லுகள் கால்குலேட்டருக்கும் கைக்கடிகாரத்துக்கும் கணினி நினைவகத்துக்கும் போயின. லாட் கார்டில் (ஒவ்வொரு தொகுதிச் சில்லுகளோடும் வரும் அட்டை) இருந்த எண் ஏதாவது நினைவிருந்தால் எழுதுங்கள். பாதி எண்ணாக இருந்தாலும் சரி, தேடிப் பார்க்கிறேன்.