அழைப்பு அறுந்தால் உடனே ரூட்டரை மாற்றாதீர்கள்

கேள்வி: வீட்டில் ஐந்து பேருக்கும் ஒரே இணைப்பு. மாலையில் வீடியோ அழைப்பு நடுவில் அறுந்து, கொஞ்ச நேரத்தில் தானே வந்துவிடுகிறது. நிறுவனத்தில் கேட்டால் கூடுதல் வேகத் திட்டத்துக்கு மாறச் சொல்கிறார்கள். ரூட்டரையும் மாற்ற வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். அறுவது வைஃபையா, வெளியிலிருந்து வரும் லைனா என்று தெரியாமல் எதை வாங்கினாலும் பணம் வீண்.

அழைப்பு அறுகிற அதே அறையில், அதே நேரத்தில் லேப்டாப்பைத் திறந்து இரண்டு ஜன்னல்களில் பிங் (ஒரு முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) ஓடவிடுங்கள். ஒன்று ரூட்டரின் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1, ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும்). இன்னொன்று வெளியே இருக்கும் கூகுள் சர்வரின் முகவரியான 8.8.8.8-க்கு. அறும்போது இரண்டும் நின்றால் கோளாறு வைஃபையில். ரூட்டர் பதில் சொல்லி, 8.8.8.8 மட்டும் நின்றால் கோளாறு வெளியே.

வைஃபை என்றால், 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. மாலையில் அக்கம்பக்கத்து ரூட்டர்கள் எல்லாம் அதில்தான் முட்டிக்கொள்ளும். அழைப்பு பேசும் கருவியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். சுவர் குறுக்கே இருந்தால் அது வலுவிழக்கும், அதனால் ரூட்டரின் அருகில் உட்காருங்கள். 'பூஸ்டர்' விற்பவர்களை நம்ப வேண்டாம். சாதாரண பூஸ்டர் ஒரே அலைவரிசையில் வாங்கி, அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும்.

அறுவதற்கு முன் 8.8.8.8-இன் பதில் நேரம் நூற்றுக்கணக்கான மில்லிசெகண்டாக ஏறுகிறதா? அப்போது பெரும்பாலும் அப்லோட் (வீட்டிலிருந்து வெளியே அனுப்பும் பாதை) நிரம்பியிருக்கிறது. யாரோ ஒருவரின் போன், எடுத்த படங்களையெல்லாம் கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். அதை இரவுக்குத் தள்ளுங்கள், இல்லையென்றால் ரூட்டரில் அப்லோடுக்கு வரம்பு போடுங்கள். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது டவுன்லோட் வேகம். அதைக் கூட்டினால் இந்தச் சிக்கல் தீராது என்பது விற்பவர்களுக்கும் தெரியும். இருந்தும் அதையே விற்கிறார்கள்.

இதில் அடங்காத ஒன்று உண்டு. உள்ளறைக்கு எட்டட்டும் என்று யாராவது பழைய ரூட்டர் ஒன்றை மாட்டியிருக்கிறார்களா? இரண்டு ரூட்டர்களும் தனித்தனியே முகவரி வழங்கினால், சில கருவிகள் தவறான ரூட்டரை இணையத்துக்குப் போகும் வாசலாக நினைத்து நிற்கும். வைஃபை காட்டும், இணையம் வராது. ஒருவர் போனில் ஓடும், பக்கத்தில் இருப்பவருக்கு ஓடாது. அன்றைக்கு யார் எந்த ரூட்டரிடம் முகவரி வாங்கினார்கள் என்பதைப் பொறுத்து ஆளும் மாறும். பழைய ரூட்டரில் முதலில் டிஹெச்சிபியை (DHCP, கருவிகளுக்கு முகவரி வழங்கும் வசதி) அணையுங்கள். அப்புறம் அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். முதல் ரூட்டரிலிருந்து வரும் கேபிளை அதன் வான் (WAN) துளையில் அல்ல, லேன் (LAN) துளையில் சொருகுங்கள். மூன்றில் ஒன்று தவறினாலும் தொல்லை தொடரலாம்.

லைன் கோளாறு என்றால், ஃபைபர் பெட்டியில் சிக்னல் வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் (LOS) விளக்கு சிவப்பாக எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் நேரத்தோடு படம் எடுங்கள். புகார் செய்ததும் 'ரூட்டரை அணைத்துப் போடுங்கள்' என்பார்கள். பல ரூட்டர்களில் அப்படிச் செய்தால் இணைப்பு அறுந்ததைக் குறிக்கும் பழைய பதிவுகள் (லாக்) அழிந்துவிடும், அதனால் முதலில் ரூட்டரின் அந்தப் பதிவுப் பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் இணைப்பு அறாமல் இருந்தாலே 'சரிசெய்யப்பட்டது' என்று குறுஞ்செய்தி அனுப்பிப் புகாரை மூடுவது கொஞ்சமும் நியாயமில்லை. மூடினால் புதிய புகார் போடாமல், பழைய எண்ணிலேயே மறுபடி திறக்கச் சொல்லி, பிங் நின்ற நேரங்களைப் பட்டியலாகக் கொடுங்கள்.