பாஸ்ட் லைவ்ஸ்: எதற்கு அந்த அழுகை? (கடிதம்)

அன்புள்ள சார்,

‘பாஸ்ட் லைவ்ஸ்’ படம் பார்த்தேன். மெதுவாகப் போவதுகூடப் பரவாயில்லை. கடைசியில் நோராவும், அவளைப் பார்க்க வந்த பழைய பள்ளித் தோழன் ஹே சுங்கும் காருக்காகக் காத்து நிற்கிறார்கள், ஒரு பேச்சு இல்லை. அவன் போனதும் அழுகிறாள். அவன்மேல் ஆசை இருந்தால் சொல்லியிருக்கலாம். இல்லையென்றால் எதற்கு அழுகை? அந்தக் கணவன் பாவமில்லையா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

சியோலில் படிக்கும் வயதில் நோரா ஓர் அழுமூஞ்சி. பரீட்சையில் ஹே சுங் முந்திவிட்டால்கூட அழுவாள், அவன் கூடவே நடந்து வருவான். அப்புறம் அவள் குடும்பம் கனடாவுக்குப் போய்விடுகிறது. 12 ஆண்டுகள் கழித்து ஸ்கைப்பில் பேசிக்கொள்கிறார்கள், அதையும் அவளே நிறுத்துகிறாள். இன்னும் அழுவாயா என்று அவன் கேட்கும்போது, புது ஊரில் அழுதால் யாரும் கண்டுகொள்வதில்லை, அதனால் விட்டுவிட்டேன் என்கிற மாதிரி பதில் சொல்கிறாள். அவன்மேல் ஆசையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த அழுமூஞ்சியை இத்தனை வருடம் மனதில் வைத்திருந்தவன் காரில் ஏறிப் போகிறான். அவனோடு அந்தச் சிறுமியும் போகிறாள். அழாமல் என்ன செய்வாள்?

காத்து நிற்கையில் பேச்சு இல்லாததற்குக் காரணம், பேச வேண்டியதைப் பெரும்பாலும் முந்தைய மதுக்கூடக் காட்சியிலேயே பேசி முடித்துவிட்டார்கள். இயக்குநர் செலின் சாங் நாடகம் எழுதி வந்தவர், 2023இல் வெளியான இதுதான் அவரது முதல் படம். வசனத்திலேயே புழங்கியவர், அந்தத் தெருவில் வசனத்தைக் குறைத்துவிட்டுத் திசையை வைக்கிறார். காரை நோக்கி இருவரும் நடப்பது திரையில் வலமிருந்து இடம். அவள் தனியாகத் திரும்புவது இடமிருந்து வலம். கடந்த காலத்துக்குப் போய் வருவதுபோல யோசித்தே அப்படி எடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். முற்பிறவித் தொடர்பு பற்றிய பேச்சு திரும்பத் திரும்ப வருவதில்தான் எனக்குச் சலிப்பு.

கணவன் ஆர்தர் பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை. நோரா தூக்கத்தில் கொரிய மொழியில் மட்டும்தான் உளறுகிறாள். தன்னால் போக முடியாத இடம் ஒன்று அவளுக்குள் இருக்கிறது என்று தெரிந்து, அந்த மொழியைக் கற்கப் பார்க்கிறான். இந்தக் கதையில் நான்தான் குறுக்கே நிற்கும் வில்லன் என்று அவனே சொல்லிச் சிரிக்கிறான். மதுக்கூடத்தில் பாதி புரிந்தும் புரியாமலும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான் இல்லையா, மறுபடி பார்த்தால் அங்கே அவன் முகத்தை மட்டும் கவனியுங்கள்.