ஐந்தே நாளில் ஃபாரோ: எங்கே பணம் போகும்?

கேள்வி: டென்மார்க்குக்கு ஷெங்கன் விசா வாங்கிவிட்டோம். ஜூலையில் நானும் மனைவியும் ஐந்து நாள் ஃபாரோ தீவுகளுக்குப் போகிறோம். கார் எடுத்துக்கொண்டு, பிடித்த இடத்தில் கூடாரம் அடித்தால் செலவு பாதியாகும் அல்லவா? கடைசி நாள் காலையில் மிக்கினஸ் தீவில் பஃபின் பறவைகளைப் பார்த்துவிட்டு, மாலையே விமானம் ஏறத் திட்டம். (வாசகர், திருச்சி)

பதில்: இந்தத் திட்டத்தோடு போனால் செலவு கூடத்தான் செய்யும். முதலில் பாஸ்போர்ட்டை எடுத்து விசாவைப் பாருங்கள். ஃபாரோ டென்மார்க் அரசுக்குட்பட்ட தன்னாட்சிப் பகுதி. ஐரோப்பிய ஒன்றியத்திலும் இல்லை, ஷெங்கனிலும் இல்லை. டென்மார்க்குக்குக் கிடைத்த விசா அங்கே தானாகச் செல்லாது. ஃபாரோவுக்கும் செல்லும் என்று விசாவிலேயே குறித்திருக்க வேண்டும். விண்ணப்பத்திலேயே ஃபாரோ பயணத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும். அந்தக் குறிப்பு இல்லையென்றால், அதைச் சரிசெய்யும்வரை எந்த முன்பதிவுக்கும் பணம் கட்டாதீர்கள்.

கண்ட இடத்தில் கூடாரம் அடிக்க அங்கே அனுமதி கிடையாது. வண்டியைச் சாலையோரம் நிறுத்தி அதிலேயே தூங்கவும் கூடாது. நமக்கு வெறும் மலைச்சரிவாகத் தெரிவது ஒருவருடைய மேய்ச்சல் நிலம். 18 தீவுகளையும் சேர்த்துப் பார்த்தால் மனிதர்களைவிட ஆடுகள் அதிகம். கூடாரத்துக்கென ஒதுக்கிய முகாம் இடங்களில்தான் தங்கலாம். அங்கேயும் காற்றுதான் எதிரி. கடையில் கிடைக்கும் உயரமான குடைக் கூடாரத்தை அது முளையோடு பிடுங்கிவிடும். தாழ்வான கூடாரம், நீளமான முளைகள், கூடுதல் இழுகயிறுகள் இல்லாமல் போகாதீர்கள். இவற்றைப் புதிதாக வாங்கி, விமானத்தில் கூடுதல் எடைக்கும் பணம் கட்டுவதானால், சமையலறை உள்ள விடுதியே மலிவாக முடியும். ஜூலையிலும் 11 டிகிரியை ஒட்டித்தான் வெப்பம் இருக்கும். மழை பக்கவாட்டில் அடிப்பதால் குடை உதவாது. மழைச்சட்டையோடு மழைக் கால்சட்டையும் வேண்டும்.

தலைநகர் தோர்ஷவ்னிலேயே எல்லா இரவும் தங்குங்கள். உணவகத்தில் இருவர் சாப்பிடும் பணத்தில், போனுஸ் போன்ற மலிவு விலைக் கடையில் சில நாள் சமையலுக்கு வாங்கிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள். குழாய்த் தண்ணீரே நல்ல குடிநீர்.

ஐந்து நாளும் கார் எதற்கு? வாடகை, பெட்ரோல் போக, கடலடிச் சுரங்கப்பாதைகளுக்குத் தனிக் கட்டணம். அங்கே சாவடி கிடையாது. கேமரா எண் பலகையைப் படம் பிடித்து வாடகைக் கணக்கில் ஏற்றிவிடும். ஊர்களை இணைக்கும் நீலப் பேருந்துகளுக்கும் பெரும்பாலான படகுகளுக்கும் சேர்த்து 4 நாள், 7 நாள் பயண அட்டைகள் உண்டு. மிக்கினஸ் படகு மட்டும் அதில் சேராது. கால்சோய் தீவுக்குப் போகும் படகில் கார்களுக்கு இடம் மிகக் குறைவு. கார் வைத்திருப்பவர் கிளாக்ஸ்விக் துறையில் வரிசையில் காத்திருக்க, நடந்து வருபவர் ஏறிவிடுவார். அக்கரையில் பேருந்தும் இருக்கிறது. சிற்றூர்ப் பேருந்துகளில் சில நடைகள் முன்கூட்டியே போன் செய்தால்தான் வரும். கால அட்டவணையில் அந்தக் குறியைக் கவனியுங்கள். பேருந்து எட்டாத ஊர்களை ஒரே நாளில் அடுக்கி, அந்த ஒரு நாளுக்கு மட்டும் கார் எடுங்கள்.

உங்கள் திட்டத்தில் ஆபத்தானது மிக்கினஸைக் கடைசி நாளில் வைத்திருப்பதுதான். சோர்வாகுர் துறையிலிருந்து படகு 45 நிமிடம்தான். விமான நிலையமும் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த அருகாமை ஏமாற்றும். மிக்கினஸில் படகு அணையும் இடம் பாறைகளுக்கு இடையே ஒரு குறுகல். வெயில் அடித்தாலும், கடல் பொங்கினால் படகு வராது. தீவில் மாட்டிக்கொண்டால் விமானம் போய்விடும், டிக்கெட் பணம் முழுவதும் நஷ்டம். வந்த மறுநாளே மிக்கினஸுக்குப் பதிவு செய்யுங்கள். அன்று ரத்தானால் மாற்று நாள் கையில் இருக்கும். மூடுபனியால் விமானமே தாமதமாவதும் அங்கே சகஜம். அதனால் கோபன்ஹேகனில் தனி டிக்கெட்டில் அடுத்த விமானம் பிடிப்பதானால், நடுவே ஓர் இரவு விட்டே ஆக வேண்டும். அந்த ஒரு இரவின் அறை வாடகையைச் செலவாக நினைக்காதீர்கள்.

புகழ்பெற்ற சில நடைபாதைகளுக்கு நில உரிமையாளர்கள் கட்டணம் கேட்கிறார்கள். அவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். அது போக, தோர்ஷவ்னிலிருந்து கிர்க்யுபோர் என்ற சிற்றூருக்கு மலைமேல் போகும் பழைய ஊர்ப்பாதை சுமார் 7 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். முடியும் இடத்தில், 1300-ஐ ஒட்டிக் கட்டத் தொடங்கிய தேவாலயத்தின் கற்சுவர்கள் கடலைப் பார்த்து நிற்கின்றன. திரும்பி வர நகரப் பேருந்து உண்டு. சிவப்பு நிற நகரப் பேருந்துகளில் கட்டணமே இல்லை. மலைப்பாதையில் வழிகாட்டக் கற்குவியல்கள் அடுக்கியிருப்பார்கள். மூடுபனி இறங்கி அடுத்த குவியல் கண்ணுக்குத் தெரியவில்லையென்றால் ஓர் அடிகூட முன்னே வைக்க வேண்டாம். நிற்கும் குவியலருகிலேயே பனி விலகும்வரை இருங்கள்.