நிலநடுக்கமே வராத குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு நிலநடுக்கப் பொறியியலில் ஆராய்ச்சி செய்வதில் பயன் உண்டா?

கேட்டவர் கீழே விளக்கமாக எழுதியிருக்கிறார். நாகர்கோவில் பக்கம், எம்.இ. ஸ்ட்ரக்சரல் முடித்தாயிற்று, ஏழை நாடுகளில் நிலநடுக்கத்தைத் தாங்கும் செலவு குறைந்த வீடுகளைப் பற்றி பிஎச்.டி. செய்ய ஆசை. "பூமி ஆடாத ஊருல இருந்து இதைப் படிச்சு யாருக்கு என்ன லாபம்" என்று வீட்டில் கேட்கிறார்களாம்.

உண்டு. தாராளமாகச் செய்யுங்கள்.

இதே கேள்வியை என்னிடம் 2013-லிருந்து கேட்டிருக்கிறார்கள். சொந்தக்காரர்கள், கூட வேலை பார்த்தவர்கள், பெண் பார்க்க வந்தவர்கள்கூட. உங்கள் வீட்டில் இந்நேரம் வங்கித் தேர்வு எழுதச் சொல்லிக்கொண்டிருப்பார்கள், அல்லது வெளிநாட்டுக்குப் போன சித்தப்பா மகனைக் காட்டிப் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் "ஆடாத ஊர்" என்ற பேச்சு. மகாராஷ்டிராவில் கில்லாரியையும் அப்படித்தான் வைத்திருந்தார்கள். அப்போதைய நிலநடுக்க வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த முதலாம் மண்டலம். 1993 செப்டம்பர் 30 அதிகாலை வந்த நிலநடுக்கத்தின் அளவு 6.2. கல்லை மண்ணில் வைத்துக் கட்டிய சுவரும் அதன்மேல் கனத்த மண் கூரையுமாக இருந்த வீடுகளுக்குள் தூங்கியவர்கள் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2002-ல் திருத்திய வரைபடத்தில் முதலாம் மண்டலம் என்ற ஒன்றே இல்லை. அதே வரைபடத்தில் நமக்குப் பக்கத்துத் திருவனந்தபுரம் மூன்றாம் மண்டலம். நாளைக்கே இங்கே ஆடும் என்று பயம்காட்டவில்லை, அப்படி எடுத்துக்கொண்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

நம் மாவட்டத்துக்காரர்கள் 2004 டிசம்பர் 26-ஐ மறந்திருக்க முடியாது. பூமி ஆடியது இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், சுமத்ரா பக்கத்தில். குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நான் அப்போது பிளஸ் ஒன். சில நாள் கழித்து அப்பா என்னை மேலமணக்குடிக்குக் கூட்டிப் போனார். பழையாறு கடலில் சேருகிற இடத்தில் இருந்த பாலத்தின் மேல்தளங்கள் தூணை விட்டுப் பெயர்ந்து போயிருந்தன. அப்பா கொத்தனார், தக்கலை சுற்றுவட்டாரத்தில் முப்பது வருஷம் கரண்டி பிடித்தவர். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "மேல உள்ளது கீழ உள்ளதோட பிடிச்சுக் கெடக்கல்ல மக்ளே" என்றார். பின்னால் நான் படித்ததெல்லாம் அந்த ஒரு பேச்சைச் சுற்றித்தான்.

படிக்காதவர்களும் இந்தப் பதிலை வாசிப்பார்கள் என்பதால் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சுவரை அதன் நீளவாக்கில் தள்ளினால் தாங்கும், முகத்தில் தள்ளினால் சாயும். நாலு சுவரையும் சேர்த்துக் கட்டிவிட்டால் சாயப்போகிற சுவரைப் பக்கத்துச் சுவர் பிடித்துக்கொள்ளும். அதற்குத்தான் கம்பி வைத்து, லிண்டல் மட்டத்தில், அதாவது கதவு ஜன்னலுக்கு மேலே, வீட்டைச் சுற்றி அறுபடாமல் ஓட்டும் கான்கிரீட் பட்டை. நம் ஊரில் பெல்ட் என்போம். நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடங்களுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 4326 கேட்பது ரொம்பப் பெரிய காரியமில்லை. சிறிய வீட்டுக்கு 75 மில்லிமீட்டர் கனம், இரண்டு கம்பி. பெல்ட் மட்டும் போட்டால் வீடு ஒன்றும் ஆகாது என்று நான் சொல்லவில்லை, மூலையில் செங்குத்துக் கம்பி வேண்டும், நல்ல கலவை வேண்டும். ஆனால் செலவுக்குக் கிடைக்கும் பலன் என்று பார்த்தால் இதற்கு இணையாக வேறு சொல்வது கஷ்டம். 1960-ல் ரூர்க்கியில் நிலநடுக்கப் பொறியியலுக்கென்றே தனிப்பள்ளி தொடங்கினார்கள், 1962-ல் நிலநடுக்க வடிவமைப்புக்கான ஐ.எஸ். 1893 என்ற விதியின் முதல் பதிப்பு வந்தது. அதாவது என்ன செய்ய வேண்டும் என்பது நம் நாட்டில் அறுபது வருஷமாகத் தெரியும்.

அப்புறம் ஏன் செய்யவில்லை? அதுதான் ஆராய்ச்சி. இது பாதி பொறியியல், பாதி பொருளாதாரம்.

2010 ஜனவரியில் ஹைட்டியில் வந்தது 7.0. இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அடுத்த மாதமே சிலியில் 8.8, சுமார் 500 மடங்கு ஆற்றல். அங்கே இறந்தவர்கள் ஐந்நூற்றுச் சொச்சம். ஹைட்டியில் மையம் தலைநகருக்குப் பக்கத்தில், சிலியில் கடலோரத்தில், இரண்டையும் நேராக ஒப்பிடக் கூடாது என்று யாராவது எழுதுவீர்கள். சரிதான். ஆனாலும் அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு கட்டின கட்டடத்தில் இருக்கிறது. சிலியில் விதி இருந்தது, அதை நடத்திக்காட்ட ஆளும் காசும் இருந்தன.

என் கதைக்கு வருகிறேன். 2014 ஜனவரியில் பிஎச்.டி. கள ஆய்வுக்குக் குஜராத்தில் கட்ச் போனேன். 2001 ஜனவரி 26, குடியரசு தினத்தன்று காலை வந்த 7.7 நிலநடுக்கம் நடந்து பதின்மூன்று வருஷம் ஆகியிருந்தது. அங்கே அரசு வீட்டுக்காரர்களையே கட்டிக்கொள்ளச் சொல்லி, பணத்தைத் தவணையாகக் கொடுத்தது. பொறியாளர் வந்து பார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் அடுத்த தவணை. அதனால் அந்த வீடுகளில் பெல்ட் பெரும்பாலும் ஒழுங்காக இருந்தது. நான் டேப்பும் நோட்டுமாக வீடு வீடாகப் போனேன், ராஜ்கோட்டைச் சேர்ந்த எம்.டெக். மாணவர் ஒருவர் மொழிபெயர்த்தார்.

பச்சாவ் பக்கத்தில் ஒரு வீடு. முன்பக்கம் சுண்ணாம்பு அடித்த சுவரில் பெல்ட் ஓடும் இடம் தனி வரியாகத் தெரிந்தது. பின்பக்கம் பிற்பாடு சேர்த்துக் கட்டிய அடுக்களை. அதில் பெல்ட் இல்லை. புதுச்சுவரும் பழைய சுவரும் சேரும் மூலையில் விரல் நுழைகிற இடைவெளி, பூச்சி வராமல் இருக்கப் பழைய துணியைத் திணித்து வைத்திருந்தார்கள். அந்தச் சுவரில்தான் கனமான பித்தளைப் பாத்திரங்கள் எல்லாம் அடுக்கியிருந்தன, கீழே ஒரு குழந்தை தூங்கியது. ஏன் இதில் போடவில்லை என்று கேட்டேன். அந்த அம்மா மோர் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "அது சர்க்கார் பார்க்க வந்த வீடு. இது நாங்களே கட்டினது."

திரும்பத் திரும்ப இதையே பார்த்தேன். என் படிவத்தில் "ஏன் போடவில்லை" என்ற கேள்விக்கு இரண்டே விடை வைத்திருந்தேன், காசு இல்லை, தேவை தெரியாது. அதில் ஒன்றை டிக் செய்துகொண்டு வந்தேன். ஊருக்கு வந்து கம்பி, சிமெண்ட், மணல் எல்லாம் விலை போட்டு அட்டவணை செய்தேன். கூடுதல் செலவு மொத்தத்தில் சிறிய பங்குதான் வந்தது. "இவ்வளவு குறைவான செலவு, அறியாமையால் தவிர்க்கிறார்கள்" என்று எழுதியும் வைத்துவிட்டேன்.

அந்த வருஷம் சித்திரை விசுவுக்கு வீட்டில் இருந்தேன். அப்பா முட்டுக்கு முறிவெண்ணெய் தேய்த்துக்கொண்டு, என்ன எழுதுற, படிச்சுச் சொல்லு என்றார். அட்டவணையைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னார்:

"கம்பிக்குக் கணக்கு இருக்கு, சிமெண்டுக்குக் கணக்கு இருக்கு. கொத்தனுக்க நாளுக்குக் கணக்கு எங்க மக்ளே? சொவரு லிண்டல் மட்டம் வந்தாச்சுன்னா பலகை அடைக்கணும், கம்பி கட்டணும், வார்க்கணும், பெறவு நனைக்கணும். அன்னு சாயங்காலமே நான் வேற சைட்டுக்குப் போயிருவேன். நாலு நாளுல வாறேன்னு சொல்லுவேன், பதினைஞ்சு நாளாவும். வீட்டுக்காரனுக்கு அது தெரியும். கொத்தன் போனா போனதுதான்னு பயந்துதான் பெல்ட் வேண்டாங்கான். அவன் ஒண்ணும் அறியாதவன் இல்ல."

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. அறியாமை என்று நான் எழுதியது என் அறியாமை. ராஜ்கோட் மாணவருக்குப் போன் செய்து, போன வீடுகளுக்கே இன்னொரு தடவை போய்க் கொத்தனார் எத்தனை நாள் வந்தார், நடுவில் எப்போது போனார் என்று மட்டும் கேட்கச் சொன்னேன். பல வீடுகளில் அதே கதை. சுவர் பாதியில், கொத்தனார் வேறு கிராமத்தில், வீட்டுக்காரருக்குக் கூலி நஷ்டம், தார்ப்பாய்க்குக் கீழே சமையல். அங்கேயும் ஏழைக்குச் செலவு என்பது காத்திருக்கும் நாள்தான்.

அதன் பிறகு ஆய்வே மாறிவிட்டது. பலகை அடைக்காமல், செங்கல்லை இரண்டு ஓரத்திலும் நிறுத்தி நடுவில் கம்பி வைத்து வார்த்தால் எத்தனை நாள் மிச்சம் என்று அப்பாவையும் அவர் கூட்டாளிகளையும் வைத்தே எங்கள் கொல்லையில் கட்டிப் பார்த்தேன். நேபாளத்தில் 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு வீடு கட்ட மூன்று லட்சம் நேபாள ரூபாய் மூன்று தவணையாகக் கொடுத்தபோது, நிறையப் பேர் தவணைக்காக ஒற்றை அறை வீடு கட்டிவிட்டு, விரிசல் விட்ட பழைய வீட்டிலேயே தொடர்ந்து குடியிருந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது பச்சாவ் அம்மாவின் அடுக்களைதான் நினைவுக்கு வந்தது. சோதிக்கிறவன் பார்க்கும் இடம் வரைக்கும்தான் விதி போகிறது.

நம் மாவட்டத்தில் யாருக்கு லாபம் என்று கேட்டீர்கள். மார்த்தாண்டத்திலோ சுசீந்திரத்திலோ ஏதாவது ஒரு சைட்டில் ஏறிப் பாருங்கள். கையாளாக நிற்கும் பையன் அசாமிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவனாக இருப்பான். அந்த 2002 வரைபடத்தில் அசாம் முழுக்க ஆபத்து மிக அதிகமான ஐந்தாம் மண்டலம், வட பீகாரிலும் ஐந்தாம் மண்டலம் உண்டு. இங்கே கையாளாக வருகிறவன் சில வருஷத்தில் கொத்தனாராகித் திரும்பிப் போகிறான். தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பியின் கொக்கியை உள்ளே மடக்கிக் கட்டுவதா, வெறும் தொண்ணூறு டிகிரியில் விட்டுவிடுவதா என்பதை அவன் படிப்பது நம் ஊர் சைட்டில்தான். இதைவிடப் பெரிய பயன் என்ன வேண்டும்? நம் ஆட்களும் பெல்ட்டை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள், நிலநடுக்கத்துக்காக அல்ல. வயலும் குளமும் நிரத்திய மண்ணில் சுவர் வெடிக்காமல் இருக்க. கண்ணுக்குத் தெரிகிற வெடிப்புக்குச் செலவழிப்பார்கள், நூறு வருஷத்தில் ஒருநாள் வரும் ஆட்டத்துக்குச் செலவழிக்க மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

சிரமங்களையும் சொல்ல வேண்டும். சிவில்காரர்கள் என் ஆய்வைப் பொருளாதாரம் என்றார்கள். பொருளாதாரக்காரர்கள் மேஸ்திரி வேலை என்றார்கள். பொருளாதாரத் துறையில் இணை வழிகாட்டி ஒருவர் கிடைப்பாரா என்று சேருவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ரூர்க்கி, கான்பூர் ஐ.ஐ.டி.கள், ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி., சென்னை தரமணியில் சி.எஸ்.ஐ.ஆர். கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம், இந்த இடங்களில் இதற்கான ஆட்களும் ஆய்வகமும் உண்டு. நேரில் போய்ப் பேசுங்கள்.

இன்னொன்று. கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிஎச்.டி.க்கு முன் இங்கே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் வேலை பார்த்தேன். சேரும்போதே பத்தாம் வகுப்பிலிருந்து எல்லா அசல் சான்றிதழும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மே மாத வெயிலில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் விலாசப் பட்டியலைக் கையில் கொடுத்து, ஆள் பிடித்துக்கொண்டு வந்தால்தான் சம்பளம் என்றார்கள். குளச்சலிலிருந்து ஆரல்வாய்மொழி வரை பஸ்ஸில் போய், முகம் தெரியாத வீடுகளில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்து வேலையை விட்டபோது சான்றிதழைத் தர ஐந்து மாதம் இழுத்தடித்தார்கள். அந்த வருஷம் சேர முடியாமல் போயிற்று. அப்பா அந்த அலுவலக வாசலில் வெயிலில் நின்றது இன்றைக்கும் எனக்கு நெஞ்சு எரிகிறது. எல்லாக் கல்லூரியும் அப்படி என்று சொல்லவில்லை. அசல் சான்றிதழை மட்டும் எங்கேயும் கொடுக்காதீர்கள்.

விண்ணப்பம் எழுதும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் தெருவிலோ பக்கத்துத் தெருவிலோ வீடு கட்டிக்கொண்டிருப்பார்கள். சுவர் லிண்டல் மட்டம் வரும் நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அன்று காலை எட்டு மணிக்கே நோட்டோடு போய்விடுங்கள். யார் எப்போது வந்தார், எப்போது போனார், யாருக்காக யார் காத்திருந்தார் என்று மட்டும் எழுதுங்கள். கொத்தனார் அண்ணனுக்கு ஒரு சாயா வாங்கிக்கொடுத்து, அடுத்து எந்த சைட்டுக்குப் போகிறார், எப்போது திரும்பி வருவார் என்று கேளுங்கள். அவர் சொல்லும் தேதியைக் குறித்துக்கொண்டு, அந்தத் தேதியில் மறுபடியும் போய்ப் பாருங்கள்.