ரோலில் உலோகம் அப்புகிறதா? டிரம் வாங்குமுன் டேப்பை எடுங்கள்

கேள்வி: எங்கள் ரீ-ரோலிங் மில்லில் இப்போது 430 ரக ஸ்டெயின்லெஸ் பட்டையைச் சூடாக்கி ரோல்களுக்கு நடுவே உருட்டுகிறோம். ரோலில் உலோகம் அப்பிக்கொண்டு பட்டை நெடுக வடு விழுகிறது. சாதா இரும்பில் இந்தத் தொல்லை இல்லை. ஒருவர் கிராஃபைட் ஆயில் டிரம் கொண்டுவந்து காட்டுகிறார். வாங்கலாமா?

பதில்: பொறுங்கள். சாதா இரும்பு சூட்டில் தடிமனாக ஆக்சைடுச் செதில் கட்டும். அதுதான் இத்தனை நாளும் ரோலுக்கும் இரும்புக்கும் நடுவில் மறைப்பாக நின்றது. 430-இல் குரோமியம் 16 முதல் 18 சதவீதம். செதில் மெல்லிசு. அது கிழிந்த இடத்தில் வெற்று உலோகம் ரோலைத் தொட்டதும் அப்பிக்கொள்ளும். அப்பிய துணுக்கு ஒவ்வொரு சுற்றிலும் பட்டையில் முத்திரை குத்தும்.

வடுவுக்கு வடு அளந்து பாருங்கள். 500 மி.மீ. விட்டமுள்ள ரோலில், கடைசி பாஸில் (பட்டை ரோலுக்குள் ஒருமுறை போய் வருவது ஒரு பாஸ்) விழுந்த வடு என்றால் சுமார் 1.57 மீட்டருக்கு ஒன்று இருக்கும். இடைவெளி அதைப்போல இரு மடங்கா? முந்தைய பாஸில் தேடுங்கள். அதன்பின் பட்டை நீண்டிருக்கிறது. அந்த ரோலைக் கழற்றி கிரைண்டிங் கொடுத்தே ஆகவேண்டும். அப்பியதை எந்த எண்ணெயும் எடுக்காது.

இனி டிரம்காரர். டெஸ்ட் சர்டிஃபிகேட்டில் ‘சப்போனிஃபிகேஷன் வேல்யூ’ கேளுங்கள்; எண்ணெயில் கொழுப்பு எவ்வளவு என்று காட்டும் எண் அது. வெறும் மினரல் ஆயிலுக்கு அது கிட்டத்தட்ட பூஜ்யம், கொழுப்பெண்ணெய்க்கு 190-ஐ ஒட்டி. சூடான ரோலில் தங்குவது கொழுப்புதான். ஸ்டெயின்லெஸ்ஸுக்கு அதோடு நுண்ணிய கால்சியம் கார்பனேட் கலந்த ரகம் கேளுங்கள். கிராஃபைட் வேலை செய்யும், பொய்யில்லை. ஆனால் எண்ணெய் தெளிக்கும் நாசில் அடைக்கும், தரை வழுக்கும், மில்லே கரியாகும்.

ஒரு மில்லில் நானே பார்த்தேன்: டிரம் லேபிளைச் சுரண்டினால் அடியில் இன்னொரு லேபிள், மூடியைத் திறந்தால் லாரிப் பட்டறை வாசனை. பழைய எஞ்சின் ஆயில்! 2016 அபாயக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அது அபாயக் கழிவு. அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போகவேண்டும். ஆனால் பர்ச்சேஸ் பிரிவுக்கு லிட்டர் விலை ஒன்றுதான் கண்ணில் படும். ரோல் மாற்ற மில் நிற்கும் நேரம் எந்தக் கொட்டேஷனில் வருகிறது?

நல்ல எண்ணெயே ஆனாலும் தெளிக்கக் கூடாத நேரம் ஒன்று உண்டு: பட்டையின் தலை ரோலுக்குள் நுழையும்போது. ரோல் பட்டையைக் கடிப்பதே உராய்வால்தான். அங்கே எண்ணெய் இருந்தால் கடிக்காது, வழுக்கும். ஆள் இடுக்கியோடு நெருங்கித் தள்ளுவார், விபத்து அங்கேதான். தலை கடித்தபின் வால்வைத் திறங்கள். வால் வெளியேறச் சற்று முன்பே மூடுங்கள், ரோலில் மிஞ்சியது எரிந்து போகட்டும். நாள் முழுக்கத் திறந்தே வைத்துவிட்டு “ஆயில் சரியில்லை” என்பவர்கள்தான் அதிகம்.

கூலிங் தண்ணீரைத் தடுக்கும் வைப்பரையும் பாருங்கள். அது தேய்ந்திருந்தால் தெளித்த எண்ணெய் ரோலில் நிற்காமல் நேரே சாக்கடைக்குப் போகும்.