மணி, தூள், காற்று – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேல்ஸின் செங்ஹெனித் கிராமத்து நினைவிடம் பற்றி எழுதியிருந்தீர்கள். 1913 அக்டோபர் 14 காலையில் யுனிவர்சல் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 439 தொழிலாளர்களும், மீட்கப் போன ஒருவரும் இறந்தார்கள் என்று படித்தேன். ஒரே வெடிப்பில் அத்தனை பேர் எப்படிச் சாக முடியும்? நான் நெய்வேலிப் பக்கம். அங்கே இப்படி எதுவும் கேள்விப்பட்டதில்லை. இன்னொன்று, ஒரு மின்மணிமேல் சந்தேகம் இருந்தது என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். ரசாயன ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீசியனாக இருக்கிறேன், அதனால் கேட்கிறேன். பேட்டரியில் ஓடும் மணி சுரங்கத்தைக் கொளுத்துமா?

செந்தில்குமார்

அன்புள்ள செந்தில்குமார்,

நெய்வேலியை மனதில் வைத்துக்கொண்டு செங்ஹெனித்தைப் பார்த்தால் பிடிபடாது. நெய்வேலி திறந்தவெளிச் சுரங்கம். அங்கே பெரும்பாடெல்லாம் அடியிலிருந்து முட்டும் ஊற்றுநீரோடுதான், பம்பை நிறுத்த முடியாது. வாயு கசிந்தாலும் வானத்துக்குப் போய்விடும். செங்ஹெனித்தில் கரி கிடந்தது ஏறத்தாழ 600 மீட்டர் ஆழத்தில். லங்காஸ்டர், யார்க் என்று இரண்டு செங்குத்துக் குழிகள். ஒன்றின் வழியாகக் காற்று இறங்கி, உள்ளே வேலை நடக்கும் இடங்களையெல்லாம் சுற்றி, மற்றதன் வழியாக வெளியேற வேண்டும். இழுப்பது மேலே இருக்கும் பெரிய விசிறி.

கரியை வெட்ட வெட்ட அதற்குள் அடைபட்ட மீத்தேன் கசியும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் வெடிக்கும். அன்றைக்கு அதைப் பார்க்க இருந்த கருவி காப்பு விளக்கு, அதாவது சுடர் வெளியே பரவாதபடி மூடிய எண்ணெய் விளக்கு. திரியை நன்றாகத் தணித்து, மீத்தேன் லேசானது என்பதால் விளக்கை மெல்லக் கூரைப்பக்கம் உயர்த்துவார்கள். சுடரின் மேல் வெளிறிய நீலத்தில் தொப்பி போல ஓர் ஒளி எழுந்தால் வாயு இருக்கிறது. தொப்பி எவ்வளவு உயரமோ அவ்வளவு வாயு. ஒன்றேகால் சதவீதத்துக்குக் கீழே பழகிய கண்ணுக்கும் தெரிவது கடினம்.

ஆனால் மீத்தேன் மட்டும் என்றால் சாவு அந்த மூலையோடு நின்றிருக்கும். பரப்பியது கரித்தூள். முதல் வெடிப்பின் காற்றலை, தரையிலும் முட்டுமரங்களின் மேலும் படிந்த தூளைக் கிளப்பிவிடும். பின்னால் வரும் தீ அதைப் பற்றிக்கொள்ளும், அது அடுத்த தூளைக் கிளப்பும். இப்படியே பாதை பாதையாக ஓடும். இது யாருக்கும் தெரியாத விஷயம் இல்லை. இதே சுரங்கம் 1901 மே 24 அன்று வெடித்து 81 பேர் செத்தபோதே விசாரணையில் தூள் பேசப்பட்டது. 1906இல் பிரான்சின் கூரியேர் சுரங்கத்தில் 1,099 பேரைக் கொன்றதும் தூள்தான். தண்ணீர் தெளித்து நனைத்து வைக்கலாம், ஆனால் சூடான சுரங்கத்தில் சீக்கிரம் காய்ந்துவிடும். சுண்ணாம்புக்கல் போன்ற கல்லின் பொடியைத் தூவிக் கலந்துவிட்டால் தீ வெப்பத்தை அதற்கே இழந்து அணையும். பிரிட்டனில் அது கட்டாயமானது 1920இல்.

உங்கள் முதல் கேள்விக்கு நேரடி விடை இனிமேல்தான் வருகிறது. வெடித்துச் சாகாதவர்களை வெடிப்புக்குப் பின் மிஞ்சும் காற்று கொல்லும். 1896இல் உடலியலாளர் ஜே. எஸ். ஹால்டேன், அதே தென்வேல்ஸின் டைலர்ஸ்டவுன் வெடிப்பில் இறந்தவர்களை ஆராய்ந்து, பெரும்பாலோர் செத்தது கார்பன் மோனாக்சைடால் என்று காட்டினார். அது ரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டும். உடல் வெளிறாது, செக்கச்சிவந்து இருக்கும். நிறமில்லை, மணமில்லை, காப்பு விளக்கின் சுடரும் காட்டிக்கொடுக்காது. மீட்புக்குழுக்கள் கானரிக் குருவியைக் கொண்டுபோனது இதற்காகத்தான். வேகமாக மூச்சுவிடும் சிறு பறவை, மனிதருக்கு முன்பே தள்ளாடிவிடும்.

செங்ஹெனித்தில் அன்று காலை உள்ளே இருந்தவர்கள் சுமார் 950 பேர். கிழக்குப் பகுதிக்காரர்கள் வெளியே வந்தார்கள். மேற்குப் பகுதியில், காற்று உள்ளே போகும் வழியிலேயே தீ எரிந்துகொண்டிருந்தது. அதாவது, நல்ல காற்றை அனுப்ப வேண்டிய விசிறியே புகையை ஆட்களை நோக்கி இழுத்தது. மறுநாள் விடியுமுன் 18 பேரை உயிரோடு எடுத்தார்கள், அதற்குப் பிறகு யாரும் இல்லை. காற்றோட்டத்தைத் திருப்பும் ஏற்பாடு வேண்டும் என்று பிரிட்டனின் 1911ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் சொன்னது. கெடு 1913 ஜனவரி 1, பிறகு செப்டம்பர் 30 வரை நீட்டினார்கள். அதுவும் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. எதிர்த்திசையில் திருப்பியிருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லமாட்டேன். திருப்பும்போது தேங்கிய மீத்தேன் தீயின் மேல் வந்து மறுபடி வெடிக்கவும் கூடும். ஆனால் திருப்புவதா வேண்டாமா என்று யோசிக்கும் நிலையிலேயே அந்தச் சுரங்கம் இல்லை. இந்தக் குறைக்குக் கம்பெனி கட்டிய அபராதம் 10 பவுண்டு, வழக்குச் செலவு தனி. அதுவும் மேல்முறையீட்டில்தான் கிடைத்தது. மேனேஜருக்கு வேறு குற்றங்களுக்காக 24 பவுண்டு. 205 பெண்கள் விதவையானார்கள், 542 பிள்ளைகள் தகப்பனை இழந்தார்கள்.

இனி மணி. கரிவண்டிகளை வடத்தில் இழுக்கும் பாதை நெடுக இரண்டு வெற்றுக் கம்பிகள் ஓடும். எந்த இடத்தில் நின்றாலும் இரண்டையும் தொட்டு இணைத்தால் இன்ஜின் அறையில் மணி அடிக்கும். வசதிதான், ஆனால் இணைப்பைப் பிரிக்கும்போது ஒரு பொறி பறக்கும். வோல்டேஜ் குறைவு, ஆபத்தில்லை என்று நம்பியிருந்தார்கள். அவர்கள் பார்க்கத் தவறியது மணிக்குள் இருக்கும் காயிலை, அதாவது கம்பிச் சுருளை. கரண்ட் அறுபடும்போது காயிலில் சேர்ந்திருந்த ஆற்றல் முழுக்க அந்தப் பொறியில் இறங்கும், மீத்தேனுக்கு அது போதும். அன்று பற்றவைத்தது மணிதான் என்று விசாரணையில் நிறுவப்படவில்லை. வலுவான சந்தேகமாகவே நிற்கிறது. ஆனால் பிறகு நடந்த சோதனைகளில் அப்படிப்பட்ட மணியால் முடியும் என்று தெரிந்தது. சர்க்யூட் பழுதானாலும் பொறியின் ஆற்றல் வாயுவைப் பற்றவைக்கும் அளவுக்குக் கீழேயே நிற்க வேண்டும் என்ற விதி அங்கிருந்துதான் வளர்ந்தது. உங்கள் ஆலையின் பேனலில் அந்த ஆற்றலைக் கட்டுப்படுத்தும் இன்ட்ரின்சிக் சேஃப்டி பேரியர் இருக்கும், அதிலிருந்து ஃபீல்டுக்கு, அதாவது ஆலைக்குள் இருக்கும் கருவிகளுக்கு, வெளிர்நீலக் கேபிள் போகும். அடுத்த முறை டெர்மினல் பாக்ஸைத் திறக்கும்போது பாருங்கள், அந்த மணியின் வாரிசு அதுதான்.