லென்ஸ் வைத்த கண்ணில் மறுபடியும் மங்கல், புரை திரும்பிவிட்டதா?

கேள்வி: எனக்கு வயது 67. நான்கு வருடம் முன்பு வலது கண்ணில் புரை ஆபரேஷன் செய்து லென்ஸ் வைத்தார்கள். பளிச்சென்று தெரிந்தது. இப்போது ஆறு மாதமாகப் பனிமூட்டம் போல இருக்கிறது, இரவில் எதிரே வரும் வண்டி வெளிச்சம் சிதறுகிறது. புரை திரும்ப வந்துவிட்டதா? லென்ஸை மாற்ற வேண்டுமா?

பதில்: புரை திரும்ப வரவில்லை, வரவும் முடியாது, புரை விழுந்த உங்கள் சொந்த லென்ஸைத்தான் அன்றைக்கே எடுத்தாயிற்றே. வைத்த லென்ஸும் பொதுவாக ஆயுள் முழுக்க உழைக்கும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், அந்த லென்ஸ் உட்கார்ந்திருக்கும் உறைதான் மங்கியிருக்கிறது என்று தோன்றுகிறது. ஆபரேஷனில் புரையை எடுத்துவிட்டு, அதைச் சுற்றியிருந்த மெல்லிய உறையை விட்டுவைத்து அதற்குள்தான் புது லென்ஸை வைக்கிறோம். எவ்வளவு சுத்தம் செய்தாலும் உறையின் ஓரத்தில் கொஞ்சம் செல்கள் தங்கிவிடும், அவை மாதக்கணக்கிலோ வருடக்கணக்கிலோ மெல்ல வளர்ந்து லென்ஸுக்குப் பின்பக்கம் வந்து படியும். சொட்டு விட்டுக் கண்பாப்பாவை விரித்துப் பார்த்தால் சோப்பு நுரை ஒட்டிக்கிடப்பது போல எங்களுக்குத் தெரியும்.

இதற்கு மறுபடி கத்தி வேண்டாம். யாக் லேசரால் உறையின் நடுவில் சின்ன ஜன்னல் ஒன்று திறந்துவிடுவோம், சில நிமிட வேலை, வலி இருக்காது. சில நாள் கண்ணுக்குள் தூசி மிதப்பது போலத் தெரியும், கண் அழுத்தமும் கொஞ்சம் ஏறலாம், அதைக் கவனித்துக்கொள்வார்கள்.

ஆனால் லேசருக்கு முன்பு விழித்திரையையும் கண் அழுத்தத்தையும் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். விழித்திரையின் நடுவில் நீர் கோத்திருந்தாலோ, சர்க்கரை அங்கே பாதித்திருந்தாலோ, லேசர் செய்தும் பார்வை தெளியாது. லென்ஸே நகர்ந்திருக்கிறதா என்பதும் முன்பே தெரிய வேண்டும், உறையைத் திறந்த பிறகு லென்ஸை மாற்றுவது சிரமமான வேலை.

இன்னொன்று, இதில் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்: லேசருக்கு முன்போ பின்போ, கண்ணுக்குள் மின்னல் வெட்டுவது போல இருந்தால், திடீரென்று கறுப்புப் புள்ளிகள் கொட்டினால், ஒரு பக்கம் திரை இறங்குவது போல மறைத்தால், அது விழித்திரை விலகலாக இருக்கலாம். வலிக்காது என்பதால்தான் பலர் இரண்டு நாள் பார்ப்போம் என்று இருந்துவிடுகிறார்கள். அன்றைக்கே போய்விடுங்கள். அதிக மைனஸ் பவர் கண்ணாடி போட்டிருந்தவர் என்றால் உங்களுக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல்.

பரிசோதனைக்குப் போகும்போது ஆபரேஷன் சமயத்தில் தந்த லென்ஸ் அட்டையை எடுத்துப் போங்கள். சொட்டு விட்டால் சில மணி நேரம் கண் கூசும், துணைக்கு ஒருவர் வரட்டும்.